கள்ளுக்கும் ஒரு சுவைக்குறிப்பு

போன நத்தாருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த மாமா ஒருவர் இரண்டு போத்தல் குளிர்கால பியர் கொண்டுவந்தார். ஐரோப்பாவில் மார்கழிக்கெண்டே காய்ச்சுகிற வகை. முளைகட்டி வறுத்த பார்லி, அதாவது மால்ட், கூடுதலாகப் போட்டு, கறுவா, கராம்பு எண்டு கொஞ்சம் வாசனைச் சரக்கும் சேர்ப்பார்கள். (எங்கள் எல்லோருக்கும் சட்டம் கேட்கிற 21 வயது தாண்டிவிட்டது.) கருஞ்சிவப்பு நிறம். முதல் மிடறில் பாண் கரையின் கருகல் வாசம், பிறகு பனங்கட்டிப் பாகு மாதிரி ஒரு இனிப்பு. விழுங்கின பிறகுதான் கறுவா தெரியுது. நல்லாத்தான் இருந்தது. ஆனால் மன்னார் வாடைக்காற்றுக்கு அவ்வளவு இனிப்புத் தேவையில்லை, இரண்டாவது கிளாசில் திகட்டிவிட்டது.

இந்தச் சுவையெல்லாம் போத்தலின் பின்பக்கத்திலேயே எழுதியிருந்தது. பியரைப் பற்றி இப்படிக் கதைக்க ஒரு மொழி இருக்கு. அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் இல்லை, 2007இல் காலமான ஆங்கிலேயப் பத்திரிகையாளர். 1977இல் வந்த அவருடைய உலக பியர் வழிகாட்டி, பியர்களை வகை பிரித்து விளக்கியது. எங்கள் நாட்டு லயன் ஸ்டவுட்டையும் அவர் புகழ்ந்து எழுதியிருக்கிறார். கள்ளுக்கு அப்படி ஆர் எழுதினது?

எங்கடை பருவகாலப் பானம் கள்ளுத்தான். மாரி ஓய்ந்து, பனை பாளை விடத் தொடங்கினால் தீவில் சீவலும் தொடங்கும். சுண்ணாம்பு பூசாத முட்டியில் வடிகிற சாறு, இயற்கையான ஈஸ்ட்டால் மரத்திலேயே புளிக்கத் தொடங்குது. சுண்ணாம்பு பூசினால் புளிக்காது, அது கருப்பநீர்.

இந்த மாசியில் கொப்பியோடு இருந்து குடிச்சம். காலைக் கள்ளு அரிசி கழுவின தண்ணி நிறம், மேலே மெல்லிய நுரை. மணம் முதலில் முகம் சுளிக்க வைக்கும்: புளிச்ச மாவு, கொஞ்சம் கந்தகம். நாக்கில் இளநீரை விடக் கூடின இனிப்பு, ஓரங்களில் சுருக்கென்று ஒரு கூச்சம். பின்னேரம் அதே கள்ளில் இனிப்புப் பாதி போய்த் தேசிக்காய்ப் புளிப்பு ஏறியிருந்தது. பொரிச்ச சூடை மீனோடு இதுதான் சேரும். அடுத்த நாள் மிச்சம் வினாகிரிக்குக் கிட்ட. சூடாக்கிப் போத்தலில் அடைத்த கள்ளில் இந்த மாற்றமெல்லாம் இல்லை, எப்பவும் ஒரே புளிப்பு. எங்கள் கட்சி முட்டிக் கள்ளுக்குத்தான்.

பியர் டின் கையில் இருந்தால் ஸ்டைல், 'கள்ளுக்குடிகாரன்' எண்டால் வசவு. இந்த வித்தியாசம் ருசியில் வந்ததில்லை, சாதியில் வந்தது. தளைநார் போட்டுக் காலையும் மாலையும் மரம் ஏறுகிறவரின் தொழிற்பெயரையே ஏச்சாக்கி வைத்திருக்கிறோம். 1970களில் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன, 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. ஏச்சு மட்டும் அப்படியே இருக்கு. எங்களில் பெண்பிள்ளைகள் தவறணை வாசலுக்கே போகேலாது. அவர்களுக்குக் கள்ளு வீட்டுக்குத்தான் வந்தது, அதுவும் பேப்பரில் சுத்தி.

குடியால் குலைந்த வீடுகள் எங்கள் தெருவிலும் இருக்கு. அதை மறைக்க வரவில்லை. சாராயமும் பியரும் செய்த சேதத்தையும் சேர்த்துக் கள்ளின் தலையில் கட்டுறதைத்தான் ஏற்கேலாது.

கள்ளுக்கு மொழியே இல்லை எண்டும் சொல்லேலாது. அது எழுத்தில் இல்லை, அவ்வளவுதான். எங்களுக்குக் கள்ளுத் தந்த ஐயா ஒரு மிடறு குடித்துவிட்டு இது ஆண்பனை, இது பெண்பனை எண்டு பிரித்துச் சொன்னார். எங்களுக்கு இரண்டும் ஒண்டாகத்தான் இருந்தது. சித்திரைக்குள் இன்னொருக்கா குடிச்சுப் பார்க்க இருக்கிறம்.