பரிந்துரைக் கடிதமும் ஒரு சாட்சியமே

சில மாதங்களுக்கு முன், அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தந்தை தம் மகனுடன் நம்மிடம் வந்தார். மகனுக்கு வயது 14. பள்ளியிலிருந்து விலகி, மூன்றாண்டுகளில் நம்மிடம் குர்ஆன் மனனத்தை முடித்தவன். அந்த ஆண்டுகளில் கணிதம், அறிவியல், ஆங்கிலம் அனைத்தையும் தாயார் வீட்டிலேயே கற்பித்தார். இப்போது தனியார் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பிற்கு விண்ணப்பித்திருந்தனர். பெற்றோர் அல்லாத ஆசிரியர் இருவரின் பரிந்துரைக் கடிதங்களைப் பள்ளி கேட்டிருந்தது.

தந்தை கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். "ஹஜ்ரத், ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தாருங்கள்" என்றார். படித்துப் பார்த்தோம். மாணவன் கணிதத்தில் சிறந்து விளங்குவதாக அதில் எழுதியிருந்தது. அவன் போட்ட ஒரு கணக்கையேனும் நாம் கண்டதில்லை.

நாம் கையெழுத்திடவில்லை. அவர் முகம் வாடியது. "நம் பிள்ளையின் படிப்புக்கு நீங்களே உதவாவிட்டால் வேறு யார் உதவுவார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குரிய பதிலையே இங்கு எழுதுகிறோம்.

பரிந்துரைக் கடிதம் வெறும் உபகாரம் அன்று, அது சாட்சியம். சாட்சி சொல்வது நமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாக அமைந்தாலும் நீதியில் நிலைத்து நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பெரும் பாவங்களை எடுத்துரைத்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச்சாட்சியைக் குறிப்பிடும் வேளையில், சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து அமர்ந்து, அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்பதை ஹதீஸில் காண்கிறோம். பிள்ளையின் நன்மைக்காகச் சொல்லும் பொய்யும் பொய்தான். அதன் சுமையைச் சுமப்பவனும் அந்தப் பிள்ளையே. இல்லாத திறமையைக் காட்டி வகுப்பில் அமர்த்தப்பட்டவன், முதல் தேர்விலேயே எல்லோர் முன்னிலையிலும் தலைகுனிய நேரிடும்.

உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் மற்றொருவரை நல்லவர் என்று பரிந்துரைத்த நிகழ்ச்சி பைஹகீயில் பதிவாகியுள்ளது. நீர் அவருடைய அண்டை வீட்டாரா, அவருடன் பணம் கொடுத்து வாங்கிப் பழகினீரா, பயணத்தில் அவருடன் சென்றீரா என்று உமர் (ரலி) அவர்கள் வினவினார்கள். மூன்றுக்கும் இல்லை என்ற பதில் வரவே, அப்படியானால் நீர் அவரை அறியமாட்டீர் என்று கூறிவிட்டார்கள். பள்ளி நம்மிடம் கேட்பதும் இதுவே: இந்தப் பிள்ளையை நீங்கள் எவ்வாறு அறிவீர்கள்?

ஹதீஸ் கலை அறிஞர்கள் ஓர் அறிவிப்பாளரின் நேர்மையைத் தனியாகவும், நினைவாற்றலின் துல்லியத்தைத் தனியாகவும் எடைபோட்டார்கள். ஒழுக்கத்தில் உயர்ந்தவர் என்பதற்காக, நினைவாற்றல் குன்றியவரின் அறிவிப்பை அவர்கள் ஏற்கவில்லை. நாமோ "நல்ல பையன், தொழுகையாளி" என்பதையே கணிதத் திறமைக்கும் சான்றாக எழுதிவிடுகிறோம்.

எனவே அந்தத் தந்தையிடம், நாம் கண்டதை மட்டும் எழுதித் தருகிறோம் என்றோம். மூன்றாண்டுகளாக ஃபஜ்ருக்குப் பின் தவறாமல் பாடம் ஒப்புவித்தான். பிழையைச் சுட்டினால் வருந்தாமல் அந்தப் பக்கத்தை மறுநாளே திருத்திக் கொண்டுவந்தான். தன்னைவிடச் சிறியவர்களுக்குப் பொறுமையுடன் ஓதக் கற்பித்தான். அவனது கணிதத்தை நாம் அறியோம். கடிதத்தில் எழுதியது இவ்வளவே. புகழ்மொழிகள் நிறைந்த கடிதத்தைவிட இதற்கு மதிப்பு அதிகம் என்பது நம் கருத்து.

இரண்டாவது கடிதம்தான் கடினமாயிற்று. அவன் வீட்டில் படித்ததைத் தாயைத் தவிர வேறு எவரும் பார்த்ததில்லை. பின்னர், மஹல்லாவில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் மூன்று வாரங்கள் மாலைதோறும் அவனை அருகில் அமர்த்திக் கணக்குப் போடச் சொன்னார். வடிவியலில் தெளிவு உண்டு, இயற்கணிதத்தில் இன்னும் பயிற்சி தேவை என்று எழுதிக் கொடுத்தார். குறையையும் சொன்ன அந்தக் கடிதத்தைப் பள்ளி ஏற்றுக்கொண்டது.

வீட்டில் வைத்துக் கற்பிக்கும் பெற்றோர்களே, பிள்ளைக்குக் கல்வி கொடுப்பதோடு, அதை அறிந்த சாட்சிகளையும் தொடக்கத்திலேயே உருவாக்குங்கள். வாரம் ஒருமுறையேனும் குடும்பத்திற்கு வெளியே ஓர் ஆசிரியர் ஏதேனும் ஒரு பாடத்தைக் கேட்கட்டும். எழுதிய ஏடுகளைத் தேதியிட்டுப் பாதுகாத்து வையுங்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வித் திட்டத்தில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான நிலைகள் உள்ளன. அந்தச் சான்றிதழும் ஒரு சாட்சியே. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையாயின் அஞ்ச வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி செல்லாதிருந்த பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. அருகிலுள்ள அரசுப் பள்ளியில் இதைக் கேட்டுப் பெறலாம்.

நம்மைப் போன்ற உஸ்தாதுகளுக்கும் ஒரு சொல். பொய் எழுத மறுப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. உண்மையை அறிந்தும் நேரமில்லை என்று கைவிரிப்பது, சாட்சியத்தை மறைப்பதாகும். அதையும் அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் தடுக்கிறது. ஓதவரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மாதந்தோறும் இரண்டு வரி எழுதி வைத்தால், ஒருநாள் அவனுக்கு அது பேருதவியாகும்.

அந்தத் தந்தை இப்போதும் ஜும்ஆவில் நம்மைச் சந்திக்கிறார். மனவருத்தம் முழுவதும் நீங்கிவிட்டதா என்று நமக்குத் தெரியாது. ஆயினும் சென்ற மாதம் தம் இளைய மகனை மக்தபில் சேர்க்க வந்தபோது, "இவனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள், ஹஜ்ரத்" என்றார்.

நம் பிள்ளைகளைப் பற்றி உண்மை பேசும் நாவையும், அந்த உண்மைக்குத் தகுதியான பிள்ளைகளையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.