எந்தக் கட்சிக்கும் எழுதிக் கொடுக்கப்படாத ஊர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பெரும்பாலும் டெட்ராயிட் மாநகரால் சூழப்பட்டு, ஏறத்தாழ இரண்டு சதுர மைல் பரப்புக்குள் அடங்கிவிடும் சிறு நகரம் ஹாம்ட்ராமிக். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்வோர் 28,433 பேர். குடியேறிய மக்களின் வாக்கு எப்போது மதிப்புப் பெறுகிறது, எப்போது மதிப்பிழக்கிறது என்பதை அறிய விரும்பும் புலம்பெயர் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் இந்நகரின் தேர்தல் வரலாற்றை ஊன்றிக் கவனிப்பது நன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டொட்ஜ் மகிழுந்துத் தொழிற்சாலை வேலை கொடுத்தது. போலந்து மக்கள் திரண்டு வந்தனர். தொழிற்சங்கமும் தேவாலயமும் அவர்களுடைய வாழ்வின் இரு தூண்களாயின. வாக்கு சனநாயகக் கட்சிக்கே என்பது எழுதாத சட்டமாயிற்று. 1980இல் தொழிற்சாலை மூடப்பட்டது. போலந்துக் குடும்பங்கள் பல புறநகர்களுக்குப் பெயர்ந்தன. யேமன், வங்காளதேசம், பொஸ்னியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் அவ்விடத்தை நிரப்பினர்.

புதியவர்களுக்கு வாக்குரிமை தங்கத் தட்டில் வைத்துக் கொடுக்கப்படவில்லை. 1999ஆம் ஆண்டு நகரத் தேர்தலில், கருந்தோலும் அரபுப் பெயரும் கொண்ட வாக்காளர்கள் வாக்குச்சாவடியிலேயே தடுத்து நிறுத்தப்பட்டனர். தாம் அமெரிக்கக் குடிமக்கள் என்று சத்தியம் செய்த பின்னரே அவர்கள் வாக்களிக்க விடப்பட்டனர். கடவுச்சீட்டைக் காட்டியவர்களுக்கும் இதே அவமதிப்பு நேர்ந்தது. மத்திய நீதித்துறை தலையிட்டது. 2000ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி, அரபு, வங்காள சமூகத்தவரையும் தேர்தல் அலுவலர்களாக அமர்த்த நகரசபை இணங்கியது. 2011இல், மத்திய வாக்குரிமைச் சட்டத்தின் கீழ், வங்காள மொழியிலும் வாக்குச்சீட்டு வழங்க வேண்டிய கடப்பாடு இந்நகருக்கு ஏற்பட்டது.

அவமதிப்புக்கு அஞ்சி அம்மக்கள் வீட்டில் முடங்கியிருந்தால் அத்துடன் கதை முடிந்திருக்கும். அவர்கள் முடங்கவில்லை. 2015இல் நகரசபையில் முஸ்லிம்கள் பெரும்பான்மை பெற்றனர். 2021இல் யேமனில் பிறந்த ஆமெர் காலிப் நகரபிதாவானார். சபையின் எல்லா இடங்களும் முஸ்லிம்கள் வசமாயின.

அடுத்த திருப்பம் கட்சித் தலைமைகளைத் திடுக்கிட வைத்தது. 2020 சனாதிபதித் தேர்தலில் பைடனுக்கு இந்நகரம் அளித்தது ஏறத்தாழ 85 விழுக்காட்டு வாக்குகள். 2024இல் கமலா ஹாரிஸ் பெற்றதோ 46 விழுக்காடு. ட்ரம்ப் ஏறத்தாழ 43 விழுக்காட்டை எட்டினார். பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் 9 விழுக்காட்டளவு பெற்றார். காசாப் போர் மூட்டிய சினம், குடும்ப விழுமியங்கள் பற்றிய கவலை, விலைவாசி எனக் காரணங்கள் பல. அடிப்படைக் காரணம் ஒன்றே: இவர்கள் வேறெங்கும் போகமாட்டார்கள் என்ற கட்சியின் மெத்தனம்.

இந்நகரத்தைப் புனிதமாக்கிக் காட்டவும் வேண்டியதில்லை. 2023இல் ஓரினச் சேர்க்கையாளரின் வானவில் கொடியை நகரசபைச் சொத்துக்களில் பறக்கவிட முடியாதவாறு அச்சபை தீர்மானம் நிறைவேற்றியது. முன்னர் புதியவர்களின் உரிமைக்காகத் தோள்கொடுத்த பழைய குடியிருப்பாளர் பலர் மனம் புண்பட்டனர். வாக்குச்சாவடியில் தடுக்கப்பட்டதன் வலியை அறிந்த சமூகம், அதிகாரம் கைக்கு வந்தபின் தன்னினும் சிறிய கூட்டத்தை எவ்வாறு நடத்துகிறது என்பதும் அதன் அரசியல் முதிர்ச்சிக்கு அளவுகோலே.

தமிழருக்கும் இப்பாடம் முற்றிலும் புதிதன்று. கனடாவில் தமக்குக் கதவு திறந்த கட்சி என்ற நன்றியுணர்வோடு தமிழர் பலர் நெடுங்காலம் லிபரல் கட்சிக்கே வாக்களித்தனர். 2011இல் அக்கட்சியின் கோட்டையாக இருந்த ஸ்காபரோ - ரூஜ் ரிவர் தொகுதியில் புதிய சனநாயகக் கட்சியின் ராதிகா சிற்சபைஈசன் வென்று, கனடிய நாடாளுமன்றம் புகுந்த முதல் தமிழரானார். அதன்பின் எல்லாக் கட்சிகளும் தமிழர் கதவைத் தட்டத் தொடங்கின. நன்றி நல்ல பண்பு. ஆனால் வாக்கை நிரந்தர அடைமானம் வைப்பது நன்றியாகாது.

ஆகவே பெற்றோர் தம் பிள்ளைகளுக்குக் கட்சியைக் குடும்பப் பெயர்போல் விட்டுச்செல்லலாகாது. கேள்வி கேட்கும் பழக்கத்தை விட்டுச்செல்ல வேண்டும். இளையோரும் நாட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் மட்டும் விழித்தெழுந்தால் போதாது. தாய்மொழி வகுப்புக்கு இடம், நூலகத்தில் தமிழ் நூல்கள், பள்ளி நிர்வாகம் ஆகிய யாவும் உள்ளூர்த் தேர்தல்களோடு தொடர்புடையவை. அவற்றுக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். வாக்குச்சாவடிக்குப் போகும் கால்கள் வேண்டும்.

ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும் என்று சலித்துக்கொள்வோர் 2025 நவம்பரில் ஹாம்ட்ராமிக்கில் நடந்த நகரபிதாத் தேர்தலைப் பார்க்கட்டும். முதலிரு வேட்பாளர்களுக்கிடையே பன்னிரண்டு வாக்குகள்கூட வேறுபாடு இல்லை. அதேவேளை, 37 வாக்குச்சீட்டுகள் எண்ணப்படாமலே கிடந்தது தெரியவந்து பெரும் சர்ச்சையாயிற்று. எண்ணப்படாத வாக்குக்காக ஓர் ஊரே போராடுகையில், போடாத வாக்குக்காகப் போராட எவரும் இலர்.