எல்லாரும் சந்தோஷமா இருக்காங்களாம்!

ரொம்ப நாளாச்சு இங்க எழுதி. ஆபீஸ்ல ஆணி அதிகம். மிச்ச நேரத்தை ரயில் எடுத்துக்கிச்சு. ரயில்னா நிஜ ரயில் இல்லை, மாடல் ரயில். தங்கமணி பாஷையில சொன்னா "பொம்மை ரயில்". அது சம்பந்தமா ஒரு விஷயம் சில மாசமா உறுத்திக்கிட்டே இருக்கு. இங்க இறக்கி வெச்சுடறேன்.

தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் கொசுவத்தி. நான் இப்ப குப்பை கொட்டிக்கிட்டு இருக்கறது அமெரிக்காவுல மில்வாக்கி பக்கம். மாடல் ரயில் பைத்தியங்களுக்கு இந்த ஊர் ஒரு க்ஷேத்திரம் மாதிரி. வால்தர்ஸ் கம்பெனி 1932-ல் ஆரம்பிச்சது இங்கதான். 'மாடல் ரெயில்ரோடர்' பத்திரிகை 1934-ல் பிறந்ததும் இங்கதான் (2024-ல் அது வேற கம்பெனி கைக்கு மாறிடுச்சு). நேஷனல் மாடல் ரெயில்ரோட் அசோசியேஷன், சுருக்கமா என்.எம்.ஆர்.ஏ., 1935-ல் தொடங்கினதும் இதே ஊர்லதான். விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்துல வளர்ந்த ஒருத்தனை இப்படி ஒரு ஊர்ல கொண்டுவந்து விட்டா என்ன ஆகும்? அதேதான் ஆச்சு.

எங்க கிளப் சுத்துவட்டாரத்துல ஏழெட்டு ஊர்க்காரங்க சேர்ந்து நடத்தறது. மொத்தம் 31 பேர், பெரும்பாலும் ரிட்டையர் ஆனவங்க. வாடகைக்கு ஒரு பழைய கிடங்கு. உள்ளே ஹெச்.ஓ. அளவுல, அதாவது நிஜத்துல 87-ல் ஒரு பங்கா, ஒரு பெரிய லேஅவுட். 40 அடி சரக்குப் பெட்டி இங்கே 14 சென்டிமீட்டர். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளேயும் ஒரு டீகோடர், அதுக்கு ஒரு நம்பர். ஒரே தண்டவாளத்துல நாலு வண்டி நின்னாலும் கையில இருக்கற கன்ட்ரோலர்ல நம்பரைப் போட்டா அந்த வண்டி மட்டும் நகரும். நெட்வொர்க் படிச்சவனுக்கு இதைப் பார்த்தா கண்ணுல தண்ணியே வந்துரும் :-)

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் கிடங்குக்காரர் வாடகையை ஏத்திட்டார். ஒண்ணு சந்தாவை ஏத்தணும், இல்லைன்னா ஆளைச் சேர்க்கணும். கமிட்டி கூடி, "முதல்ல உறுப்பினர்கள் என்ன நினைக்கிறாங்கன்னு கேட்போம்"னு முடிவு பண்ணுச்சு. யார் கேட்கறது? எல்லார் தலையும் என் பக்கம் திரும்பிச்சு. கம்ப்யூட்டர் பையன் நான்தானே.

ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உட்கார்ந்து கூகுள் ஃபார்ம்ல 24 கேள்வி போட்டேன். லேஅவுட் எப்படி, கூட்டம் எப்படி, கமிட்டி எப்படின்னு எல்லாத்துக்கும் ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க். கடைசியில "உங்கள் மேலான கருத்துக்கள்"னு ஒரு பெட்டி. பேர் போட வேண்டாம்னு மேலே கொட்டை எழுத்துல அறிவிப்பு.

31 பேர்ல 12 பேர் பதில் போட்டாங்க. சராசரி 4.3! கருத்துப் பெட்டியில நாலு பேர் காபி சரியில்லைன்னு எழுதியிருந்தாங்க. ரெண்டு பேருக்கு பார்க்கிங்ல பனி அள்ளறது போதலை. மத்தவங்க "எல்லாம் அருமை"ன்னு எழுதினாங்க, இல்லை பெட்டியைக் காலியா விட்டுட்டாங்க. கூட்டத்துல நான் பை சார்ட் போட்டுக் காட்டினதும் ஒரே கைதட்டல். தலைவருக்கு முகமெல்லாம் பல்லு. புதுசா காபி மெஷின் வாங்கறதுன்னு ஏகமனதா தீர்மானம்.

வீட்டுக்குக் கார் ஓட்டிக்கிட்டு வர்றப்பதான் மண்டையில உறைச்சது. முந்தின ரெண்டு வருஷத்துல கிளப்ல புதுசா சேர்ந்தவங்க 11 பேர். இப்ப மிச்சம் இருக்கறது என்னையும் சேர்த்து 3 பேர். அஞ்சுக்கு 4.3 வாங்கற கிளப்பை விட்டு எட்டுப் பேர் ஏன் போனாங்க?

அதைவிடக் கேவலம், நானே எல்லாத்துக்கும் 5 போட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி அங்க அடிக்கிற ஜோக்ல பாதி எனக்குப் புரியாது. முதல் மூணு மாசம் ஒருத்தர் கூட என் கையில கன்ட்ரோலரைக் கொடுக்கலை, கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கைதான் பார்த்தேன். இருந்தும் 5. ஏன்னா ஃபார்ம்ல வயசு என்ன, எத்தனை வருஷமா உறுப்பினர்னு நானே ரெண்டு கேள்வி சேர்த்திருந்தேன். முப்பது வயசுக்குக் கீழே கிளப்ல ஒரே ஆள்தான். பேர் போடாட்டி என்ன, என் பதில் எதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடலாம். ஆபீஸ்ல மேனேஜரைப் பத்தி "ரகசியமா" கருத்து கேட்டு மெயில் வரும்போது நாம என்ன பண்ணுவோம்? அதேதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை யார்டுல ஒரு பாயிண்ட்ல வண்டி திரும்பத் திரும்ப தடம் புரண்டுச்சு. ஒரு பெரியவர் சட்டைப் பையில இருந்து என்.எம்.ஆர்.ஏ. கேஜை எடுத்தார். உள்ளங்கையில அடங்கற ஒரு உலோகத் தகடு. ஓரத்துல அங்கங்கே வெட்டு இருக்கும். தண்டவாள இடைவெளி, சக்கர இடைவெளி ரெண்டும் சரியா இருக்கான்னு அதை வெச்சுப் பார்க்கலாம். ஆளாளுக்கு ஒரு அளவுல செஞ்சா ஒருத்தர் வண்டி இன்னொருத்தர் தண்டவாளத்துல ஓடாதுங்கறதாலதான் அந்தச் சங்கமே இப்படி அளவுகளை வகுத்துக் கொடுத்துச்சு. பெரியவர் தகட்டை வண்டி கவிழ்ந்த இடத்துல வெச்சுப் பார்த்தார், கொஞ்சம் நெம்பினார், வேலை முடிஞ்சது.

லேஅவுட்ல இருக்கற எல்லா பாயிண்ட்டையும் அளந்து சராசரி எடுத்திருந்தா அது பிரமாதமாத்தான் வந்திருக்கும். வண்டி கவிழ்ந்துக்கிட்டேதான் இருந்திருக்கும். நான் எடுத்த சர்வே அந்த மாதிரி ஒரு சராசரி.

சரின்னு ஃபார்மைத் தூக்கிப் போட்டுட்டுப் பழைய பட்டியலை எடுத்தேன். விட்டுட்டுப் போன எட்டுப் பேருக்கும் போன் போட்டேன். நாலு பேர் பேசினாங்க. "ஏன் வர்றதில்லை?"ன்னு கேட்கலை. அப்படிக் கேட்டா உலகம் முழுக்க ஒரே பதில்தான் வரும்: "நேரம் இல்லை." அதுக்குப் பதிலா, "கடைசியா வந்த அன்னிக்கு என்ன நடந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டேன். நம்ம ஆபீஸ்ல பக் ரிப்போர்ட் வாங்கும்போது கேட்போமே, எந்தப் பட்டனை அமுக்கினீங்க, அப்புறம் என்ன வந்துச்சுன்னு, அந்த மாதிரி.

முதல் ஆளுக்குத் தோட்டத்துல ஓடற பெரிய சைஸ் ரயில்தான் இஷ்டம். எங்க அளவு அவருக்குப் பிடிக்கலை. நியாயம்தான், அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது.

ரெண்டாவது ஒரு நர்ஸ் அம்மா. செவ்வாய்க்கிழமை அவங்களுக்கு நைட் ஷிஃப்ட். வேற எந்த நாள்லயாவது வரலாமான்னு கேட்டிருக்காங்க. "நாங்க எப்பவும் செவ்வாய்தான்"னு பதில்.

மூணாவது ஒரு பையன். தன் கையால பெயின்ட் பண்ணின முதல் பெட்டியை ஆசையா எடுத்துக்கிட்டு வந்திருக்கான். எங்க லேஅவுட் 1955-ஆம் வருஷத்தைக் காட்டறது. ஒருத்தர் அந்தப் பெட்டியைக் கையில வாங்கிப் பார்த்துட்டு, "இந்தக் கலர் அப்ப கிடையாதே"ன்னு திருப்பிக் கொடுத்திருக்கார். சொன்னது சரித்திரப்படி சரியாவே இருக்கலாம். பையன் அதோட சரி.

நாலாவது ஒரு அம்மா. பத்து வயசுப் பையனைக் கூட்டிக்கிட்டு வந்தவங்க. "என் பையன் ஒரு இன்ஜினைத் தொடப் போனான். ஒருத்தர் வேகமா வந்து, தொடாதே, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நில்லுன்னு சொன்னார். கண்ணாடி போட்ட இந்தியர், சின்ன வயசு."

கிளப்ல இந்தியன் நான் ஒருத்தன்தான்.

சத்தியமா எனக்கு அது ஞாபகமே இல்லை. யார்கிட்டயும் கோவமா பேசினதாவும் தோணலை. என்னை மூணு மாசம் கையைக் கட்டி நிக்க வெச்சாங்கன்னு மனசுக்குள்ள பொருமிக்கிட்டிருந்த நான், அடுத்து வந்த பொடியனை அதே மாதிரி நிக்க வெச்சிருக்கேன். போன்லயே மன்னிப்புக் கேட்டேன். திரும்ப வரச் சொல்லிக் கூப்பிட்டேன். அந்தம்மா நல்லபடியாத்தான் பேசினாங்க. பையன் இப்ப பேஸ்பால் போறானாம்.

அடுத்து ஃபார்முக்குப் பதில் போடாத 19 பேர். அதுல ஒருத்தர் 79 வயசுப் பெரியவர். எங்க யார்டு முழுக்க அவர் போட்டது. ஒரு வருஷமா ஆளைக் காணோம், சந்தா மட்டும் கரெக்டா வந்துடும். உடம்பு சரியில்லைன்னு எல்லாரும் நினைச்சிக்கிட்டிருந்தோம். போன்ல ரொம்பத் தயங்கித் தயங்கிச் சொன்னார். லேஅவுட் ஹாலை வளைச்சு ஓடறதால, உள்பக்கம் போகணும்னா ஒரு இடத்துல தண்டவாளத்துக்கு அடியில குனிஞ்சு நுழையணும். மூணரை அடி உயரம் இருக்கும். அவருக்கு மூட்டு வலி, குனிய முடியலை. தான் போட்ட யார்டை வெளியே நின்னு எட்டிப் பார்க்க மனசு வரலை. எனக்காக எதையும் இடிக்கச் சொல்லக் கூடாதுன்னு வாயைத் திறக்காம இருந்திருக்கார். என்னோட 24 கேள்வியில ஒண்ணு கூட இதைத் தொடலை. அவர் பதில் போட்டிருந்தாலும் லேஅவுட்டுக்கு 5 தான் போட்டிருப்பார், அது அவர் போட்டதாச்சே!

இதையெல்லாம் கமிட்டியில யார் பேரும் சொல்லாம வெச்சேன், என்னுடையதைத் தவிர. பொருளாளர் ஒரு கேள்வி கேட்டார். "இருக்கறவங்க சந்தா கட்டறாங்க, உழைக்கறாங்க. போனவங்க சொல்றதுக்காக நாம ஏன் மாறணும்?"

அதுல பாதி நியாயம் இருக்கு. தோட்டத்து ரயில்காரருக்காக லேஅவுட்டைப் பிரிக்க முடியாது. வந்தவன் போனவனுக்கெல்லாம் வளைஞ்சு கொடுத்தா அந்தக் கிளப்புக்குன்னு ஒண்ணும் மிஞ்சாது. ஆனா நம்ம ரயில் பிடிக்காம போனவங்க வேற, ரயில் பிடிச்சு வந்து வாசல்ல தடுக்கி விழுந்தவங்க வேற. முதல் வகையை வாழ்த்தி அனுப்பிடலாம். ரெண்டாவது வகை நம்ம தப்பு. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க மார்க் உதவாது, பேச்சுதான் உதவும்.

இதுல நான் கத்துக்கிட்டதை நாலு வரியில சொல்றேன். நம்ம ஊர் நூலக வாசகர் வட்டத்துக்கும், அபார்ட்மென்ட் சங்கத்துக்கும் கூட இது பொருந்தும்னு நினைக்கறேன்.

முப்பது பேர் இருக்கற இடத்துல ஃபார்ம் வேண்டாம், போன் போடுங்க. என்ன வேணும்னு கேட்காதீங்க, என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. வராதவங்க, பதில் போடாதவங்ககிட்ட இருந்து ஆரம்பிங்க. கேட்டதுக்கு அப்புறம், எதைச் செய்யப் போறோம், எதைச் செய்யப் போறதில்லை, ஏன்னு எல்லாருக்கும் திருப்பிச் சொல்லுங்க. அதைச் சொல்லாட்டி அடுத்த தடவை ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க.

நாங்க செஞ்சது மூணு. மாசத்துல ஒரு சனிக்கிழமை காலையிலயும் கிடங்கைத் திறக்கறோம். புதுசா யார் வந்தாலும் முதல் பத்து நிமிஷத்துல கையில கன்ட்ரோலர், அதுக்குப் பொறுப்பு நான். குனியற இடத்துல கீல் வெச்சு மேலே தூக்கற பாலம் போட்டாச்சு. அது மூணு சனிக்கிழமை வேலை. பாலம் தூக்கியிருக்கும்போது எந்த வண்டியும் பள்ளத்துல பாயாம இருக்க, ரெண்டு பக்கமும் கரன்ட் தானா கட் ஆகற மாதிரி ஒரு ஸ்விட்ச் நான் போட்டேன்.

வாடகைப் பிரச்சினை இன்னும் தீரலை. சந்தாவும் ஏறத்தான் போகுது. நர்ஸ் அம்மா ரெண்டு சனிக்கிழமை வந்தாங்க. பெட்டிக்குப் பெயின்ட் அடிச்ச பையன் இன்னும் வரலை.

பெரியவர் போன மாசம் வந்தார். பாலத்தைத் தூக்கிப் பிடிச்சோம், நிமிர்ந்து நடந்து உள்ளே போனார். யார்டுல படிஞ்சிருந்த தூசியை விரலால தொட்டுப் பார்த்து எல்லாரையும் ஒரு முறை முறைச்சார். அப்புறம் புது மெஷின்ல காபி குடிச்சுட்டுச் சொன்னார், "பழசே தேவலை."

டிஸ்கி: அந்த 24 கேள்வி ஃபார்ம் வேணும்னு யாரும் கேட்காதீங்க. அழிச்சாச்சு :-)