பயணப்பெட்டியில் வரும் கண்சொட்டு மருந்து

"அக்கா ஊரால வரேக்க கொண்டந்தவ டொக்டர். நல்ல மருந்து, ஒரு நாளில சிவப்பு எடுபட்டிடும்."

சிவந்த கண்ணோடு எம்மிடம் வரும் எம்மவர்கள், கைப்பைக்குள் இருந்து ஒரு சிறு குப்பியை எடுத்துக் காட்டியபடி சொல்லும் வசனம் இது. குப்பியை வாசித்துப் பார்த்தால், அன்ரிபயோற்றிக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட்டும் கலந்த மருந்தாகவே பெரும்பாலும் இருக்கும். சிவப்பு எடுபடுவது உண்மைதான். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

கண் சிவந்தால் எல்லாவற்றையும் 'கண்நோய்' என்ற ஒரே பெயரால் அழைப்பது எங்கள் வழக்கம். வீட்டில் ஒருவருக்கு வந்து எல்லோருக்கும் தொற்றி, பீளை தள்ளி, ஒரு கிழமையில் தானாகவே மாறும் கண்நோய் ஒன்று. விழிவெண்படலத்தில் வரும் அழற்சி வேறொன்று. இதனை மருத்துவத்தில் கெரற்றைற்றிஸ் என்பார்கள். விழிவெண்படலம் என்பது கருவிழியின் முன்னால் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் மூடியிருக்கும் தெளிவான படலம். அதன் நடுப்பகுதி அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை, அதனால்தான் அது தெளிவாக இருக்கிறது. ஆனால் நரம்புகள் ஏராளம். எனவே அங்கே புண் வந்தால் கடும் நோவு இருக்கும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, பார்வை மங்கும். சாதாரண கண்நோயில் பீளையைத் துடைத்துவிட்டால் பார்வை தெளியும். இதில் தெளியாது. புண் ஆறினாலும் நடுவில் தழும்பு விழுந்தால், பனி படிந்த யன்னலுக்குள்ளால் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

உதட்டோரத்தில் கொப்புளம் போடும் ஹேர்ப்பீஸ் வைரஸ் விழிவெண்படலத்திலும் புண் உண்டாக்கும். செம்மஞ்சள் நிறச் சாயம் ஒன்றை விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால், மரக்கிளைபோல் பிரிந்து பிரிந்து பச்சையாக ஒளிரும். இந்தக் கண்ணுக்கு ஸ்டீரொயிட்டை மட்டும் விட்டால் சிவப்புக் குறையும், நோவும் குறையும். உள்ளே வைரஸ் தடையின்றிப் பரவும். படலம் கரைந்து துளை விழுந்தவர்களும் உண்டு. கண் வைத்தியர்களும் ஸ்டீரொயிட் கொடுக்கிறார்களே என்று கேட்பீர்கள். கொடுக்கிறார்கள்தான். கிருமி எதுவென்று கண்டறிந்து, அதற்குரிய மருந்தோடு, நாள் குறித்துக் கூப்பிட்டுப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

இளையவர்களுக்கு வருவோம். பல்கலைக்கழக விடுதியில் இருக்கும் பிள்ளை கொன்ராக்ற் லென்ஸோடு குளிக்கிறது, நீந்துகிறது, இரவில் கழற்ற மறந்து படுக்கிறது. குழாய்த் தண்ணீரில் அக்கந்தமீபா என்ற நுண்ணுயிர் வாழ்கிறது. லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையில் அது அகப்பட்டால் வரும் புண்ணை ஆற்ற மாதக்கணக்கில், தொடக்கத்தில் மணிக்கொரு தடவை, மருந்து விட வேண்டும். தென்கிழக்கு இங்கிலாந்தில் 2011 முதல் இந்நோய் ஏறத்தாழ மூன்று மடங்காகிவிட்டதென லண்டன் மோர்பீல்ட்ஸ் கண் வைத்தியசாலையின் ஆய்வு 2018இல் தெரிவித்தது. லென்ஸோடு உறங்குபவர்களுக்கு சூடோமோனாஸ் என்ற பக்ரீரியாவும் காத்திருக்கிறது. அது இரண்டொரு நாளிலேயே படலத்தை அரித்துவிடக் கூடியது.

ஊருக்கு விடுமுறையில் போய் வருபவர்களிடம் நாம் கேட்கும் கேள்வி வேறு: கண்ணில் இலை, வைக்கோல், நெற்கதிர் ஏதும் பட்டதா? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994இன் முதல் மூன்று மாதங்களில் விழிவெண்படலப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். மூவரில் இருவருக்கு முதலில் கண்ணில் காயம் பட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் பக்ரீரியாவும் பங்கசும் சரிபாதியாக இருந்தன. குளிர்நாட்டில் படித்த வைத்தியருக்குப் பங்கசு உடனே நினைவுக்கு வராது. ஆகவே, ஊருக்குப் போய் வந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள். நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டது, தாய்ப்பால் விட்டது எதையும் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அம்மம்மாவை யாரும் ஏசப் போவதில்லை.

கிருமியே இல்லாமலும் இந்த அழற்சி வரும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் வெல்டிங் செய்தவருக்கு, வேலை முடிந்து பல மணி நேரம் கழித்து, நடுச்சாமத்தில் கண்ணில் மண் கொட்டியதுபோல் இருக்கும். முகவாதத்தால் இமை மூட முடியாதவர்களுக்கும், மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும், கண் வரட்சி உள்ளவர்களுக்கும் வேறு வேறு வழிகளில் வரும்.

வீட்டில் நாய், பூனை வளர்ப்போர் இப்போது எம்மவரிலும் பலர். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குக் கண் வெளியே துருத்தியிருப்பதால் எளிதில் புண் வரும். பூனைகளுக்கென ஒரு ஹேர்ப்பீஸ் வைரஸ் இருக்கிறது, அது மனிதருக்குத் தொற்றாது. ஊரில் மாட்டின் கண் வெள்ளை படர்ந்து நீர் வழிவதைப் பார்த்திருப்பீர்கள். ஈக்கள் பரப்பும் மொரக்செல்லா என்ற பக்ரீரியா அதற்கு முக்கிய காரணம். மிருக வைத்தியர் நாய்க்குக் கொடுத்த சொட்டு மருந்தைத் தன் கண்ணுக்கும் விட்டுப் பார்த்த ஒருவரை நாம் சந்தித்திருக்கிறோம். அதிலும் ஸ்டீரொயிட் இருந்தது.

குற்றம் முழுவதும் மக்கள் மீதல்ல. தொலைபேசியில் 'கண் சிவந்திருக்கு' என்று கேட்டவுடன் குளோரம்பெனிக்கோல் சொட்டு மருந்தை எழுதிவிடும் பழக்கம் எங்கள் குடும்ப வைத்தியர்களிடமும் இருக்கிறது. 2005 முதல் பிரித்தானியாவில் அது மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. வைரஸுக்கும் பங்கசுக்கும் அக்கந்தமீபாவுக்கும் அது எதுவும் செய்யாது, சூடோமோனாஸுக்கும் பயன்படாது. லென்ஸ் போடுகிறீர்களா, நோகிறதா, வெளிச்சம் கூசுகிறதா, பார்வை மங்கலா? இந்த நான்கையும் கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்காவிட்டால் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். நான்கில் ஒன்றுக்கு 'ஓம்' என்றாலும், குடும்ப வைத்தியரின் நேரத்துக்காகக் காத்திராமல், அன்றைக்கே கண் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 111க்கு அழைக்கலாம். ஆங்கிலம் தடையென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், பணம் கட்டத் தேவையில்லை. பேரப்பிள்ளையைப் பாடசாலையை மறித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

போகும்போது லென்ஸைக் கழற்றிவிடுங்கள், ஆனால் எறிந்துவிடாதீர்கள். லென்ஸ், அதன் பெட்டி, கழுவும் திரவம், அக்கா கொண்டுவந்த குப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு செல்லுங்கள். பெட்டிக்குள் இருக்கும் தண்ணீரைச் சோதித்தே சில வேளைகளில் கிருமியைக் கண்டுபிடிக்கிறார்கள்.