வதந்திப் பக்கங்களையும் காப்பாற்றுங்கள்

பீட்டில்ஸ் இசைக்குழுவின் நால்வரும் மறுபடி சேர்வார்களா? அவர்கள் பிரிந்த செய்தி வந்த 1970 ஏப்ரலிலிருந்து ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது. நான்கே மாதங்களில் பதிலும் வந்துவிட்டது. லண்டனிலிருந்து வெளிவந்த ‘மெலடி மேக்கர்’ வார இதழின் வாசகர் கடிதப் பகுதிக்கு நால்வரில் ஒருவரான பால் மெக்கார்ட்னியே எழுதினார். சேரப்போவதில்லை என்பதுதான் கடிதத்தின் சாரம்.

ஆனாலும் வதந்தி ஓயவில்லை. அடுத்த பத்தாண்டுகள் இசைப் பத்திரிகைகளில் அது உயிரோடு உலவியது.

பழைய இசை இதழ்களைச் சேர்ப்பவர்கள் அட்டைப்படத்துக்கும் நீண்ட பேட்டிக்கும்தான் மதிப்புக் கொடுக்கிறார்கள். 1967-இல் ஜான் லெனன் படத்தோடு வந்த ‘ரோலிங் ஸ்டோன்’ முதல் இதழைப் பொக்கிஷமாக வைத்திருப்பார்கள். பொய்த்துப்போன துணுக்குச் செய்திகளை யாரும் சீண்டுவதில்லை. இது தவறு. ஒரு தலைமுறை எதை நம்ப ஆசைப்பட்டது, அந்த ஆசைக்கு யார் தீனி போட்டார்கள் என்பதற்கு அந்தத் துணுக்குகளே சாட்சி.

அவை வெறுங்கையில் முழம் போட்டவையும் அல்ல. 1973 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் குழுவின் மற்ற மூவரான லெனன், ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஒரே பாட்டில் வாசித்தார்கள். மெக்கார்ட்னி லண்டனில் வேறொரு பாட்டுக்கு உதவினார். இந்த இரு பாட்டுகளும் இடம்பெற்ற, ஸ்டாரின் ‘ரிங்கோ’ இசைத்தட்டில் நால்வரின் பங்கும் உண்டு. நால்வரும் சேர்ந்த பாட்டு மட்டும் ஒன்றுகூட இல்லை. இந்த அளவு உண்மை போதாதா, வதந்தி வளர?

1976-இல் பணமும் சேர்ந்துகொண்டது. பில் சார்ஜென்ட் என்ற அமெரிக்க நிகழ்ச்சி ஏற்பாட்டாளர், ஒரே ஒரு கச்சேரிக்கு 5 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். ஏப்ரல் 24 அன்று ‘சாட்டர்டே நைட் லைவ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதன் தயாரிப்பாளர் லார்ன் மைக்கேல்ஸ் 3,000 டாலர் காசோலையைக் காட்டிக் கிண்டலாக அழைத்தார். அதே ஆண்டு இஎம்ஐ இசைத்தட்டு நிறுவனம் பிரிட்டனில் பீட்டில்ஸின் பழைய தனிப்பாட்டுத் தட்டுகளை மொத்தமாக மறுபடி கடைக்கு அனுப்பியது. ‘எஸ்டர்டே’ அங்கே தனித்தட்டாக வந்தது அப்போதுதான். விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடம்வரை ஏறியது. ஒருபக்கம் வதந்தி, ஒருபக்கம் விற்பனை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த ஆண்டு புரியும்.

அடுத்த ஆண்டு இன்னும் விசித்திரம். கனடாவின் ‘கிளாட்டு’ குழு தன் முதல் இசைத்தட்டில் உறுப்பினர்களின் பெயரும் போடவில்லை, படமும் போடவில்லை. 1977 பிப்ரவரியில் அமெரிக்காவின் ‘பிராவிடன்ஸ் ஜர்னல்’ நாளிதழ், இவர்கள் பீட்டில்ஸாக இருக்கலாமோ என்று எழுதியது. தட்டின் விற்பனை எகிறியது. பிறகு பதிப்புரிமைப் பதிவில் வேறு பெயர்கள் வெளிப்பட்டன. வதந்தியைக் கிளப்பியதும் அச்சு ஊடகம்தான். லண்டனின் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ வார இதழ் போல அதை வெளிப்படையாகச் சாடியதும் அச்சு ஊடகம்தான்.

1980 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். நால்வரும் ஒன்றாக மேடையேறும் கனவு அன்றோடு முடிந்தது.

அந்த லண்டன் வார இதழ்களும் இன்று பழைய வடிவில் இல்லை. 1926-இல் தொடங்கிய ‘மெலடி மேக்கர்’ 2000-இன் இறுதியில் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸோடு’ இணைந்து மறைந்தது. ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸின்’ அச்சு வார இதழும் 2018 மார்ச்சில் நின்றுவிட்டது. மிஞ்சியிருப்பது மலிவான செய்தித்தாள் காகிதம். ஆண்டுக்கு ஆண்டு பழுத்து நொறுங்குகிறது. தொகுப்பு நூல்களில் பெரிய பேட்டிகளுக்குத்தான் பெரும்பாலும் இடம் கிடைக்கிறது. கடிதம், விளம்பரம், துணுக்கு எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. மெக்கார்ட்னியின் மறுப்பு வந்ததே வாசகர் கடிதப் பகுதியில்தான் என்பதை மறக்கக் கூடாது.

எனவே பழைய இசை இதழ்களை வைத்திருப்பவர்கள் படங்களை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியை எடைக்குப் போட வேண்டாம். முழு இதழாக நூலகத்துக்குக் கொடுங்கள். அவற்றை மின்னுருவாக்கும் நூலகங்கள் விளம்பரம், கடிதம், பொய்த்துப்போன செய்தி என ஒரு பக்கமும் விடாமல் பதிவுசெய்ய வேண்டும்.