எந்தக் கால்ல அடி? சொல்ல மாட்டோம்!

போன வருஷம் எங்க காலேஜ் வாலிபால் டீம் மண்டல ஃபைனல் வரைக்கும் வந்துச்சு. (நானும் டீம்லதான் இருந்தேன். பெஞ்ச்ல! தண்ணி பாட்டில் டிபார்ட்மென்ட்.) ஃபைனலுக்கு முதல் நாள் சாயங்காலம் எங்க மெயின் ஸ்பைக்கருக்கு வலது கணுக்கால் பிசகி, பன்னு மாதிரி வீங்கிடுச்சு. மறுநாள் காலையில எங்க கோச் என்ன பண்ணார் தெரியுமா? அவனோட இடது கால்ல கிரேப் பேண்டேஜைச் சுத்தி கிரவுண்டுல இறக்கி விட்டார்! எதிர் டீம்காரங்க அதை நம்பி, மேட்ச் முழுக்க அவனுக்கு இடது பக்கமாவே பந்தைத் தள்ளிக்கிட்டு இருந்தாங்க. ஜெயிச்சோம். பஸ்ஸுல ஒரே ஆட்டம் பாட்டம்.

இந்த ஐடியாவுக்கு நம்மாளுங்கதான் காப்பிரைட்னு நினைச்சிட்டு இருந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சது, அமெரிக்க காலேஜ்கள்ல இதே வேலையை சட்டத்தைக் கையில வெச்சுக்கிட்டு டீசன்ட்டா பண்றாங்கனு!

அங்கே காலேஜ் ஸ்போர்ட்ஸ்னா சும்மா இல்லை பாஸ். மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஸ்டேடியத்துல மட்டும் 1 லட்சம் பேருக்கு மேல உட்காரலாம். அமெரிக்கன் ஃபுட்பால்ல (முட்டை ஷேப் பந்தைக் கையில வெச்சுக்கிட்டு ஓடுவாங்களே, அது) வாரத்துக்கு ஒரே ஒரு மேட்ச். மீதி நாள் பூரா எதிர் டீம் எப்படி ஆடும்னு கணக்குப் போடறதுதான் வேலை. மெயின் பிளேயர் ஆடப் போறதில்லைனு புதன்கிழமையே தெரிஞ்சா, எதிராளி மொத்த பிளானையும் மாத்திடுவான். முழங்கால்ல அடின்னு தெரிஞ்சா, மோதற மோதலெல்லாம் அந்த முழங்காலைத் தேடியே வரும். அதனால கோச்சுங்க வாயைத் திறக்க மாட்டாங்க. கல்லைக் கூட உருக்கிடலாம், அவங்ககிட்ட ஒரு பதில் வாங்க முடியாது.

இதுக்கு அவங்க காட்டற சட்டம், 1974ல வந்த ஃபெர்ப்பா. கல்லூரியில இருக்கற மாணவனோட பதிவுகளை அவன் எழுத்துல சம்மதம் தராம வெளியாளுக்குக் காட்டக் கூடாதுங்கறதுதான் இதோட சாரம். மார்க் ஷீட்டும் இதுக்குள்ளதான் வரும், காலேஜ் வெச்சிருக்கற காயக் குறிப்பும் பெரும்பாலும் இதுக்குள்ளதான் வரும். அதாவது உங்க மேத்ஸ் அரியரும் உங்க முழங்காலும் ஒரே பூட்டுக்குள்ள! காலேஜ்ல சேர்ந்துட்டா இந்த உரிமை அப்பா அம்மாகிட்ட இருந்து மாணவனுக்கே வந்துடுது. சில விதிவிலக்கு தவிர, பெத்தவங்களே மார்க்கைப் பார்க்க அவன் பர்மிஷன் வேணும். (இன்டர்னல் மார்க்கை நோட்டீஸ் போர்டுல ஒட்டி, வீட்டுக்கும் ஒரு லெட்டர் போடற நம்ம ஊரை நினைச்சேன். ஒரு சொட்டு கண்ணீர் வந்தது.)

இதுல ஒரு காமெடி இருக்கு. டீம்ல ஆடறவனோட உயரம், எடை ரெண்டையும் காலேஜ் தாராளமா வெளியிடலாம்னு அதே சட்டத்துல இருக்கு. ஆறடி மூணு அங்குலம், நூறு கிலோனு போஸ்டர் அடிக்கலாம். அந்த நூறு கிலோவைத் தாங்கற முழங்கால் எப்படி இருக்குனு மட்டும் கேட்கக் கூடாது!

என்.எஃப்.எல். மாதிரி ப்ரொஃபஷனல் லீக்ல கதை வேற. கணுக்கால், தோள்பட்டைனு பாகம் போட்டு வாரா வாரம் லிஸ்ட் வெளியிடணும். அவங்க சம்பளம் வாங்கறவங்க. யூனியன் வெச்சுப் பேசி ஒப்பந்தம் போட்டவங்க. காலேஜ்ல ஆடறவன், திங்கட்கிழமை காலையில உங்களையும் என்னையும் மாதிரி கிளாஸ்ல போய் உட்கார வேண்டிய பையன். 2025 ஜூலையில இருந்துதான் காலேஜே அவனுக்கு நேரடியா பணம் தரலாம்னு ஆச்சு.

இப்ப சூதாட்டத்துக்கு வருவோம். விளையாட்டு மேல பெட் கட்டறதைப் பெரும்பாலான மாநிலங்கள்ல தடுத்து வெச்சிருந்த 1992ஆம் வருஷ சட்டத்தை, 2018 மே மாசம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. அதுக்கப்புறம் மாநிலம் மாநிலமா கடை திறந்தாங்க. ஒரு பையனோட கணுக்கால் வீக்கத்துக்கு அன்னையில இருந்து மார்க்கெட் ரேட் வந்துடுச்சு! பக்கத்து பெஞ்சுக்காரன், ரூம்மேட், மெஸ்ல கூட சாப்பிடறவன்... இவங்க எல்லார் கண்ணுலயும் அவனோட ஊன்றுகோல் படுமே?

2023 ஏப்ரல் 28. பேஸ்பால் மேட்ச். அலபாமா பல்கலைக்கழகத்துக்கும் எல்.எஸ்.யூ.வுக்கும் போட்டி. அலபாமாவுக்கு முதல்ல பந்து வீச வேண்டிய பையனுக்கு முதுகுப் பிடிப்பு, அன்னைக்கு ஆட மாட்டான். வெளியே யாருக்கும் தெரியாது. ஆனா ஒரு பெட் கட்டற ஆளுக்கு மட்டும் மெசேஜ் போயிடுச்சு. சின்சினாட்டி நகரத்து ஸ்டேடியத்துல இருந்த பெட்டிங் கவுன்டர்ல அந்த ஆள் எல்.எஸ்.யூ. மேல 1 லட்சம் டாலர் கட்டப் பார்த்தார். காலேஜ் பேஸ்பாலுக்கு இவ்வளவு பணமானு கவுன்டர்காரங்க உஷாராகி முழுசா வாங்க மறுத்துட்டாங்க. தோண்டிப் பார்த்தா, மெசேஜ் அனுப்பினது யாருங்கறீங்க? அலபாமா டீமோட தலைமை கோச்சேதான்! ஒரு வாரத்துல அவருக்கு வேலை போச்சு. பெட் கட்டின ஆளுக்கு, விசாரணையைத் தடுத்த குற்றத்துக்காக 2024ல ஜெயில் தண்டனை.

பையனோட முதுகுக்கு வேலிதான் அந்த ரகசியம். வேலிக்குக் காவல் நின்ன ஆளே உள்ளே புகுந்து மேய்ஞ்சுட்டார்.

இதைவிட என்னை உலுக்கினது வேற ஒண்ணு. 2014 செப்டம்பர் 27, மிச்சிகன் - மினசோட்டா ஃபுட்பால் மேட்ச். ஏற்கெனவே காலை நொண்டிக்கிட்டு இருந்த மிச்சிகன் குவார்ட்டர்பேக் தலையில பலமா ஒரு மோதல் வாங்கறான். எழுந்து நிக்க முடியாம தள்ளாடி, கூட ஆடறவன் மேல சாயறான். ஸ்டேடியமே பார்க்குது, டி.வி.யில நாடே பார்க்குது. வெளியே கூட்டிட்டுப் போகாம அடுத்த ஆட்டத்துக்கும் அவனையே விட்டாங்க. அப்புறம் வெளியே எடுத்து, கொஞ்ச நேரத்துல திரும்பவும் ஒரு தடவை உள்ளே அனுப்பினாங்க.

திங்கட்கிழமை பிரஸ் மீட்ல கோச் கணுக்கால் சுளுக்குனு சொன்னார். அன்னைக்கு நள்ளிரவு தாண்டி, செவ்வாய் விடியறதுக்கு முன்னால பல்கலைக்கழகத்துல இருந்து ஓர் அறிக்கை வந்தது. பையனுக்கு மூளை அதிர்ச்சி இருந்திருக்கலாமாம்! அந்த நேரத்துல யாரு முழிச்சிருப்பாங்க? ஆனா ஹாஸ்டல் பசங்க எப்பவும் முழிச்சுதானே இருப்பாங்க! அன்னைக்கே மாணவர்கள் திரண்டு பல்கலைக்கழகத் தலைவர் வீட்டு வாசலுக்கே போயிட்டாங்க. அக்டோபர் 31ல விளையாட்டுத் துறை டைரக்டர் ராஜினாமா. டிசம்பர்ல கோச்சும் அவுட்.

முழங்கால் அடியை மறைச்சா எதிராளிக்குத் தெரியாம போகும், அவ்வளவுதான். தலையில பட்ட அடி அப்படி இல்லை. ஆடறவனுக்கே தனக்கு என்ன ஆச்சுனு தெரியாது. 'நான் ஓகே சார்'னு சொல்லுவான். அவனுக்காக வேற ஒருத்தர் வாயைத் திறந்தாகணும்.

இவ்வளவுக்கும் நடுவுல ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. காலேஜ் விளையாட்டுகளை நடத்தற என்.சி.ஏ.ஏ. 2019ல, நாடு முழுக்க ஒரே மாதிரி அறிக்கைங்கறது சரிப்படாதுனு கையை விரிச்சிடுச்சு. ஆனா 2023ல பிக் டென் காலேஜ்கள் ஃபுட்பாலுக்கு ஆரம்பிச்சாங்க. மேட்ச்சுக்கு ரெண்டு மணி நேரம் முன்னால, யார் ஆடறாங்க, யார் ஆடலைனு லிஸ்ட் வரணும். 2024ல எஸ்.இ.சி. இன்னும் ஒரு படி மேல போய், மேட்ச்சுக்கு மூணு நாள் முன்னால இருந்தே லிஸ்ட் கேட்டது. டகால்டி பண்ணினா ஃபுட்பால் டீமுக்கு 25 ஆயிரம் டாலர்ல இருந்து 1 லட்சம் டாலர் வரைக்கும் ஃபைன்! கவனிச்சுப் பாருங்க, 'ஆடறானா'ங்கறது மட்டும்தான் கேள்வி. 'எங்கே அடி'ங்கறது கிடையாது. என் ஓட்டு இதுக்குத்தான். ரூம்மேட்டை நச்சரிச்சு விஷயம் கறக்கற வேலை பாதியாவது குறையும், பையனோட உடம்பும் அவனோடதாவே இருக்கும்.

ஆனா ஒண்ணு உறுத்துது. அந்த லிஸ்ட்ல 'ஆடுவான்'னு போடறதும் அதே டீம்தானே? அன்னைக்கு எங்க ஸ்பைக்கரும் 'ஆடுவான்' லிஸ்ட்லதான் இருந்தான். டாக்டர்கிட்ட காட்டலாம்னு எங்க யாருக்கும் தோணலை. பேண்டேஜ் எந்தக் கால்லனு தெரிஞ்சும் சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தவங்கள்ல நானும் ஒருத்தன்.

அவன் இப்ப ஃபைனல் இயர். மூணாவது மாடி லேபுக்கு கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுதான் ஏறறான். இதை எழுதறதுக்கு முன்னால அவன்கிட்ட சம்மதம் கேட்டேன்.

"பேர் போடாதே மச்சான்"னான். அப்புறம் கொஞ்சம் யோசிச்சுட்டு, "ஆனா எந்தக் கால்ங்கறதை சரியா போட்டுடு. வலது!"