மலை ரோஜா வேண்டாம், கம்போங் ரோஜா போதும்

கேமரன் மலைக்குப் போய்த் திரும்பும் காரில் ஸ்ட்ராபெரி பெட்டியோடு ஒரு ரோஜாத் தொட்டியும் ஏறிவிடுகிறது. ஜொகூர் பாருவில் இறக்கி வைத்த இரண்டாவது மாதம் இலையெல்லாம் கரும்புள்ளி; மூன்றாவது மாதம் வெறும் குச்சி. "எனக்குக் கைராசி இல்லைங்க" என்று நேயர்கள் அலுத்துக்கொள்வார்கள். கைராசி அல்ல, ஊர் ராசி. அங்கே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், இரவில் போர்வை வேண்டும். இங்கே நடுநிசியிலும் மின்விசிறி சுற்றுகிறது. விட்டு விட்டுப் பெய்யும் மழையில் இலை காய்வதில்லை. கரும்புள்ளிப் பூஞ்சைக்கு அதுதான் விருந்து.

விடியும் முன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு ஓடி, இருட்டியபின் வீடு திரும்புகிறவர் வாரந்தோறும் மருந்தடிக்க முடியுமா? பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் அடிக்கத்தான் வேண்டுமா?

நமக்கு ஏற்றது புதராக வளரும் பழைய ரோஜா. தமிழ்நாட்டில் உதிரிப்பூவுக்காகப் பயிராகும் எட்வர்ட் ரோஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த இடம் ரியூனியன் தீவு. அன்று அதன் பெயர் பூர்போன். வேலியாக நட்டிருந்த சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தாமாகக் கலந்து பிறந்த வகை இது. 1819 வாக்கில் அதன் விதைகள் பிரான்சுக்குப் போயின. பின்னாளில் நம்மவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்களே, அதே தீவுதான். வேலியோரத்தில் பிறந்த செடி, கொஞ்சல் எதிர்பார்க்காது.

இங்கே நர்சரியில் 'ரோஸ் கம்போங்' என்று கேட்டு, வாசனை தூக்கலான இளஞ்சிவப்புச் செடியாகப் பாருங்கள். ஒட்டுக்கட்டாமல் குச்சியில் வளர்த்ததா என்றும் விசாரியுங்கள். ஒட்டுச்செடியின் மேல்பாகம் பட்டுப்போனால் அடியிலிருந்து வேறு ரோஜாதான் கிளம்பும்.

ஆறு மணி நேர வெயில், அதிலும் காலை வெயில், படும் இடமாக இருக்கட்டும். சுவரை ஒட்டாமல், மண்ணை ஒரு அடி மேடாக்கி நட்டால் ஆண்டிறுதி மழையில் வேர் அழுகாது. தண்ணீர் வேருக்கு மட்டும். தொட்டிதான் வசதி என்றால் அடித்தட்டை எடுத்துவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அது பிரசவ விடுதி. தைப்பூசம் முடிந்து மழை ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். வெட்டியதில் பென்சில் தடிமன் குச்சிகளை நிழலில் ஊன்றினால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு செடி.

கரும்புள்ளி வரவே வராது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். வரும், இலை கொட்டும். கொட்டியதைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிடுங்கள், செடி மறுபடி துளிர்க்கும். பூவும் நீண்ட காம்பில் நாள்கணக்கில் நிற்காது. இன்று விரிந்தது நாளை உதிரும். சாமி படத்துக்கு அது தாராளம். காதலர் தினத்துக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.